மழை நாளில் அடித்த வார்னிஷ்

தம்பி,

இதை உன் பெயிண்ட் மேசை மேல், அந்தப் பெரிய லென்ஸுக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறேன். சனிக்கிழமை எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே நீ போய் உட்காருகிற இடம் அதுதான். தை பிறந்ததும் உனக்கும் ரேவதிக்கும் கல்யாணம். கல்யாணத்துக்கு முன் பிள்ளைக்குப் புத்தி சொல்லி எழுதுகிற பெற்றோர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு, இடையிடையே சொல்லவும் செய்வேன், பொறுத்துக்கொள். ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கார்த்திகை மாதம் உன் பொம்மைச் சிப்பாய்கள் இருபத்துநான்கு பேர் சாம்பல் பூத்து வெளுத்துப் போனார்களே, அதற்குக் காரணம் ரேவதியின் அம்மா இல்லை. நான். கைதவறி நடந்துவிட்டது என்று எழுதித்தான் முதல் தாளை ஆரம்பித்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். தெரிந்துதான் செய்தேன். கோபப்படு, ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

எனக்குப் பொறாமை, தம்பி. ஐம்பத்தொன்பது வயதில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நிச்சயதார்த்தம் முடிந்த மறு ஞாயிறு வானகரத்தில் ரேவதி வீட்டுக்குச் சாப்பிடப் போனோமே, அன்றைக்குத்தான் அது ஆரம்பித்தது. ரேவதிக்குக் காட்டுவதற்காக ஒரு டப்பாவில் பஞ்சு வைத்து நான்கு சிப்பாய்களைக் கொண்டுவந்திருந்தாய். இருநூறு வருடத்துக்கும் முன்னால் நம் பக்கத்தில் சண்டை போட்ட கம்பெனிப் படை என்று விளக்கினாய். சிவப்புக் கோட்டு, தொடையோடு நிற்கும் வெள்ளைக் கால்சட்டை, வெறுங்கால், தலையில் நீலத் தலைப்பாகை. ஒவ்வொருவனும் என் கட்டைவிரலில் பாதி உயரம். ரேவதி பார்த்துவிட்டு, "செமயா இருக்கு" என்று சொல்லிவிட்டு இலை போடப் போய்விட்டாள். அவள் அம்மா போகவில்லை. உள்ளே போய் வேறு கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து, ஒருவனைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இந்த முழியெல்லாம் எந்த பிரஷ்ல வெச்சீங்க தம்பி? மூணு சைபரா?" என்றார்.

நீ துள்ளியே விட்டாய். "ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் பொழப்பே அதுதானே. வேலப்பன்சாவடி லேப்ல பல்லுக்குக் கலர் ஏத்துறேன். பொய்ப் பல்லு ஒரே வெள்ளையா இருந்தா எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்க. ஈறுகிட்ட கொஞ்சம் மஞ்சள், நுனியில லேசா சாம்பல். அப்பதான் அது பல்லு. இவனுக்கு முழி ரொம்ப வெள்ளையா இருக்கு பாருங்க, பேயறைஞ்ச மாதிரி. கொஞ்சம் பழுப்பு கலந்திருக்கணும்."

அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் எங்களோடு இல்லை. அவர் தன் லேப் பிரஷ்ஷை எடுத்துவந்து, நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி, ஒரு சிப்பாய்க்குக் கண்ணைத் திருத்தினார். எனக்குப் பரிமாறிய அப்பளம் நமத்துப்போனது. பாயசத்தில் ஏடு கட்டியது. "அத்தை, சான்ஸே இல்ல!" என்று நீ கத்தியபோது நான் திரும்பிப் பார்த்தேன். நீ அவரை அத்தை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உன் முகத்தில் அன்றைக்கு இருந்ததை நான் முன்பு பார்த்திருக்கிறேன், நீ ஐந்து வயதில் மழையில் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொள்ளும்போது. அதற்குப் பிறகு அது என் பக்கம் திரும்பியதில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் உன் அப்பா, "இன்னாமே, மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு வர்ற? மாமியாக்காரிய புள்ளைக்குப் புடிச்சிகீது, அது நல்லதுதானே?" என்று கேட்டார். அவர் ஆயுசு முழுக்க அம்பத்தூரில் லேத் ஓட்டியவர், அளவு சரியாக இருந்தால் போதும், அதற்குமேல் எதுவும் யோசிக்க மாட்டார். வெயில் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

நீ யோசித்துப் பார். இருபத்தெட்டு வருடம் ஆவடியில் ராணுவத்துக்கு உடை தைத்தவள் நான். காலையில் ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்துப் போய், சாயங்காலம் கை விரலெல்லாம் பச்சைச் சாயத்தோடு வந்தவள். உன் சிப்பாய்களின் உடுப்பைப் பற்றி நீ யார் யாரையோ கேட்டாய். கைமடிப்பு மஞ்சளா பச்சையா, பொத்தான் எத்தனை வரிசை என்று கம்ப்யூட்டரில் இங்கிலாந்துக்காரனைக் கேட்டாய். அவன் பதில் போடும் வரைக்கும் இரண்டு நாள் காத்திருந்தாய். பக்கத்து அறையில் ஒருத்தி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அவளைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்றும் யோசித்துப் பார்த்தேன். எங்கள் வேலை உனக்குத் தெரியாது, நானும் சொன்னதில்லை. அங்கே ஒருவர் முழுச் சட்டை தைப்பது கிடையாது. ஒருத்தி கை, ஒருத்தி பை, ஒருத்தி பொத்தான் துளை. நான் காலர். இருபத்தெட்டு வருடமும் காலர். என் முன்னால் காலர்கள் மலையாகக் குவியும், நான் தைத்துத் தள்ளுவேன், அவை அடுத்த மேசைக்குப் போய்விடும். ஒரு சிப்பாயின் கழுத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த அம்மாவோ போகப்போக, உட்கார்ந்த இடத்தில் ஓர் ஆளுக்குத் தலைப்பாகையிலிருந்து கால் நகம் வரைக்கும் முழுசாக உடுத்திவிட்டார். எனக்கு எரிந்தது அங்கேதான்.

நீ என்னைக் கேட்காமல் போனதற்கு நானே காரணம் என்பதும் எனக்குத் தெரியும். நீ ஒன்பதாவது படிக்கும்போது, பிறந்தநாள் காசில் பிளாஸ்டிக் சிப்பாய்கள் வாங்கிவந்து வாட்டர் கலரில் பெயிண்ட் அடித்தாய். சமையலறை மேடை முழுக்கப் பச்சை. அன்றைக்குத் தொழிற்சாலையில் என் காலர் நூற்றுக்கும் மேல் திரும்பி வந்திருந்தது, தையல் கோணல் என்று. நான் உள்ளே நுழைந்தேன், பார்த்தேன், "ஊட்லயும் யூனிஃபார்ம் மூஞ்சிலதான் முழிக்கணுமா?" என்று கத்தினேன். மறுநாள் நீ பள்ளிக்கூடம் போனதும் எல்லாவற்றையும் அள்ளிப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிட்டேன். நீ அழவில்லை. அழுதிருந்தால் ஓடிப்போய்த் திரும்ப வாங்கி வந்திருப்பேன். நீ சும்மா ஒரு தடவை மேடையைப் பார்த்தாய், அவ்வளவுதான். பிறகு உன் நண்பன் வீட்டு மொட்டை மாடியில் போய்ப் பெயிண்ட் அடித்தாய், கல்லூரி முடிந்து சம்பாதிக்க ஆரம்பித்த பிறகுதான் மறுபடி இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தாய். அப்போதும் உன் அறைக் கதவு சாத்தியே இருக்கும். நான் தட்டினால், "தொடாதம்மா, ஈரமா இருக்கு" என்பாய். எப்போது தட்டினாலும் ஈரமாகத்தான் இருந்தது. உனக்கும் நாளைக்கு ஒரு பிள்ளை பிறக்கும். அது தரையைப் பாழாக்கினால் தரையைத் துடை. வேலையில் வாங்கிய ஏச்சை வீட்டு வாசலில் விட்டுவிட்டு வா. நான் விடவில்லை.

நான் முயற்சியே செய்யவில்லை என்று நினைக்காதே. ஆடி மாதம் நீ சிப்பாய்களை மரத்தட்டில் நிறுத்திக் காலடியில் மண் ஒட்டிக்கொண்டிருந்தாய். பார்சலில் வருகிற மணல் வெளிநாட்டு நிறமாக இருக்கிறது, நம்ம ஊர் மண்ணாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. மறுநாள் அயனம்பாக்கம் ஏரிக்கரைக்கு நடந்துபோய், வெடித்துக் காய்ந்த வண்டலைச் சுரண்டி எடுத்துவந்தேன். ரவை சலிக்கிற சல்லடையில் மூன்று தடவை சலித்தேன். பூச்சி புழு இருக்கக் கூடாதென்று இரும்பு வாணலியில் வறுத்தேன். உன் அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமே, மண்ணுல உப்புமாவா?" என்றார். ஒரு பிஸ்கட் டின் நிறைய உன் மேசையில் வைத்தேன். நீ, "தேங்க்ஸ்மா, அங்க வை" என்றாய். அது அங்கேயே இருந்தது. இரண்டு வாரம் கழித்து ரேவதியின் அம்மா லேபிலிருந்து பல் அச்சு உடைத்த பொடியை ஒரு பாலிதீன் பையில் கொண்டுவந்தார். நீ அதைக் காவிப் பெயிண்டில் பிசைந்து அன்றைக்கே எல்லோருக்கும் ஒட்டினாய். "அத்தை, அப்படியே செம்மண் மாதிரி இருக்கு!" என்றாய். செம்மண் மாதிரி. உண்மை மண் ஒரு சாண் தள்ளி டின்னில் இருந்தது. நான் காபி கொண்டுவந்து வைத்தேன், சர்க்கரை போடாமல். இரண்டு பேருமே கவனிக்கவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் சந்தோஷமாக இருக்கும்போது மூன்றாவது ஆள் எங்கே நிற்கிறார் என்று ஒரு தடவை திரும்பிப் பார், தம்பி. நாளைக்கு அந்த மூன்றாவது ஆள் ரேவதியாகவும் இருக்கலாம்.

இப்போது கார்த்திகை மாதத்து அந்த நாளுக்கு வருகிறேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை வேலப்பன்சாவடியில் உன் நண்பர்கள் கூடி, பெரிய மேசையில் அந்தப் பழைய சண்டையை விளையாடுவதாக இருந்தது. உன் பக்கத்துக்கு நாற்பத்தெட்டு சிப்பாய்கள் வேண்டும். இருபத்துநான்கு நீ முடித்துவிட்டாய். மீதி இருபத்துநான்கை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்துகொண்டிருந்தார். நீ ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போயிருந்த புதன்கிழமை, கொட்டுகிற மழையில் ஆட்டோ பிடித்து வந்தார். புடவை முழுக்க நனைந்திருந்தது, மடியில் இருந்த தட்டு மட்டும் நனையவில்லை.

"அண்ணி, தம்பி வந்ததும் குடுத்துடுங்க. வார்னிஷ் மட்டும் அடிக்கல. இந்த ஈரக் காத்துல ஸ்ப்ரே அடிச்சா வெள்ளையா பூத்துடும்னு தம்பி சொல்லியிருக்காரு. மழை விட்டதும் அவரே அடிச்சுக்கட்டும்" என்றார்.

உட்காரச் சொன்னேன், லேபுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அவர் போனதும் தட்டைத் திறந்து பார்த்தேன். என்ன சொல்ல? அழகாக இருந்தார்கள். நான் ஒரு குற்றமாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று ஊசி கோக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவனாகப் பார்த்தேன். ஒருவனுக்குக் காலர் கோணல் என்று கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டேன். பிறகு பார்த்தால் அது வார்ப்பிலேயே அப்படித்தான் இருந்தது. அவர் அதைக்கூட நிழல் கொடுத்து நேராகத் தெரிகிற மாதிரி செய்திருந்தார். அரை மணி நேரம் கழித்து உன் அலமாரியிலிருந்து வார்னிஷ் டப்பாவை எடுத்தேன். பிள்ளைக்கு ஒரு வேலை மிச்சம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன், கேட்க யாரும் இல்லை. மொட்டை மாடிப் படிக்கட்டுக் கூரைக்குக் கீழே தட்டை வைத்தேன். இரண்டடி தள்ளித் தூறிக்கொண்டிருந்தது. துணியையும் சாயத்தையும் தொட்டுப் பிழைத்தவளுக்கு ஈரம் என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டுமா? அவர் சொன்னது காதில் அப்படியே இருந்தது. அடித்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சிவப்பு மங்கியது, நீலம் மங்கியது, முகங்கள் எல்லாம் திருநீறு பூசியமாதிரி ஆகின. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியதில் அர்த்தமில்லை: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான். ஆனால் இருந்தது. கீழே வந்ததும் உன் அப்பா, "இன்னாமே, பெயிண்டு வாசன அடிக்குது உம்மேல?" என்றார். பக்கத்து வீட்டுக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றேன். "மழையிலயா? எவன் அவன் கேணையன்?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நீ வந்தாய். தட்டைத் திறந்து ஒருவனை எடுத்து லென்ஸுக்குக் கீழே பிடித்தாய். பிறகு, "வார்னிஷ் அடிச்சா குடுத்தாங்க?" என்று என்னைக் கேட்டாய். நான், "அவங்க வந்து குடுத்துட்டுப் போனாங்க" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை பார், அவ்வளவு சாமர்த்தியமாகச் சொன்னேன். நீ உடனே போன் போட்டாய். நான் அவரைக்காய் நாரெடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"அத்தை, ஏன் அவசரப்பட்டீங்க? மழையில அடிக்காதீங்கன்னு அத்தனை தடவ சொன்னேன்ல?"

அந்தப் பக்கம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "நான் அடிக்கவேயில்லையேப்பா."

"அப்புறம் தானா பூத்துக்கிச்சா? பரவால்ல அத்தை, தெரியாம அடிச்சிட்டேன்னு சொன்னா நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. ஏன் மறைக்கிறீங்க?"

அவர் அங்கே யோசித்துக்கொண்டிருந்தார். தான் வார்னிஷ் அடிக்காமல் கொடுத்த தட்டு, கொடுத்த கை, வாங்கிய கை. இரண்டே கைதான் தம்பி, மூன்றாவது கை அதில் இல்லவே இல்லை. அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. 'உங்க அம்மாவைக் கேளுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. அவர் சொன்னது, "சரிப்பா. மன்னிச்சுக்கோங்க." அதோடு வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நீ பாதிப் படையோடு போனாய், தோற்று வந்தாய். திங்கட்கிழமை ரேவதி உன்னோடு சண்டை போட்டாள். "எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க" என்று அவள் சொன்னது கூடத்தில் எனக்குக் கேட்டது. "அப்ப நான் பொய் சொல்றேனா?" என்று நீ கேட்டதும் கேட்டது. அதற்குப் பிறகு பத்திரிகை அடிப்பது, புடவை எடுப்பது என்று எத்தனை வேலை வந்தாலும் அந்த அம்மா இந்த வீட்டுப் படி ஏறவில்லை. ரேவதி பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவில் தபால்காரர்மாதிரி வந்துபோகிறாள். அவர் பிரஷ்ஷையே தொடுவதில்லை என்று அவள்தான் சொன்னாள். புருஷன் போன பிறகு பல் பல்லாகச் செய்து ஒரு பெண்ணை ஆளாக்கியவர், தனக்காக ஆசைப்பட்டு எடுத்த ஒரே வேலை இது, அதையும் விட்டுவிட்டார். அவள் சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கும் வலித்தது, ஆனால் இறங்கி வரவில்லை. அந்தப் பிடிவாதம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

முதல் சில நாள் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வீட்டில் அத்தை பேச்சே இல்லை. நீ உன் அறைக் கதவைத் திறந்துவைத்திருந்தாய், என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாய். ஆனால் அந்த 'சரிப்பா' என்னை விடவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்திருப்பேன், மழையில் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சாதித்திருப்பேன், நீயும் இரண்டு நாளில் மறந்திருப்பாய். அவர் அதற்கு வழியே வைக்கவில்லை. உன் முன்னால் பொய்க்காரியாக நிற்கச் சம்மதித்துவிட்டார், கல்யாணத்துக்கு முன்னால் உனக்கும் எனக்கும் நடுவில் ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று. நான் பெற்ற பிள்ளைக்காக நான் செய்யாததை அவர் செய்திருக்கிறார். அதிலும் அவர் என்னை ஜெயித்துவிட்டார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பார், அப்போதும் எனக்குப் பொறாமைதான்.

நீ அந்தத் தட்டைத் தூக்கிப் போடாமல் பேப்பர் சுற்றிப் பரண்மேல் வைத்தாய். மார்கழி பிறந்து மழை விட்ட பிறகு ஒரு மத்தியானம் அதை இறக்கினேன். ஒருவனைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தேன், காய்ந்ததும் மறுபடி வெள்ளை. ஊறவைத்தால் பெயிண்ட் வந்துவிடுமோ என்று பயம். நாள்பட்டு வெளிறிய அம்மிக்கல்லில் எண்ணெய்க் கை பட்டால் அந்த இடம் மட்டும் கறுப்பாகிறதே என்று நினைத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டு ஒருவன் முதுகில் தடவினேன். சிவப்பு வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் நீ ஆபீஸ் போனதும் இரண்டு பேர், மூன்று பேர். தடவுவேன், ஒரு மணி நேரம் வைப்பேன், பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பேன். மடிப்புகளில் இருக்கிற வெள்ளையை ஊசி முனையில் பஞ்சு சுற்றி எடுத்தேன்.

ஒவ்வொருவனையும் அப்படி மணிக்கணக்கில் கையில் வைத்திருந்ததில் அவர் என்ன செய்திருக்கிறார் என்று முழுக்கத் தெரிந்துகொண்டேன். நீ செய்த இருபத்துநான்கு பேரும் ஒரே ஆள் இருபத்துநான்கு தடவை நிற்கிற மாதிரி இருப்பார்கள், கோபித்துக்கொள்ளாதே. அவருடைய ஆட்களில் ஒருவன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறான். ஒருவனுக்கு முழங்காலில் சிரங்கு. வாயைத் திறந்து கத்துகிற ஒருவனுக்குப் பல் வைத்திருக்கிறார், குண்டூசி முனை அளவில், அதில் வெற்றிலைக் கறை வேறு. நான் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் மறுபடி எரிந்தது. இருபத்துநான்காவது ஆளைத் துடைத்து முடித்தது நேற்று மத்தியானம்.

உனக்குச் சொல்ல வேண்டிய புத்தி கொஞ்சம்தான் மிச்சம். பொறாமை வந்தால் அது சின்னதாக இருக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடு. 'எனக்கும் ஒரு பிரஷ் கொடு' என்று நான் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே கேட்டிருக்கலாம். அவர் நகர்ந்து இடம் கொடுத்திருப்பார், நீயும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாய். கேட்பதற்கு மானம் போகிறது என்று இருந்தேன். கேட்காமல் செய்த வேலையில் அதைவிட அதிகமாகப் போய்விட்டது. இன்னொன்று, ஒருவர் 'நான் செய்யவில்லை' என்று சொன்னால், உன் கண் என்ன பார்த்தாலும், ஒரு நாள் பொறுத்திருந்து பிறகு பேசு. ரேவதி சொன்னாலும் சரி, நாளைக்கு உன் பிள்ளை சொன்னாலும் சரி. எனக்கு மன்னிப்பு வேண்டும் என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், அம்மா என்பதால். அப்படி எனக்கு வேண்டாம்.

நீ இதைப் படிக்கும்போது நான் ஷேர் ஆட்டோவில் வானகரம் போய்க்கொண்டிருப்பேன். இருபத்துநான்கு பேரும் என் மடியில் இருக்கிறார்கள். எண்ணெய் மட்டும்தான் தடவியிருக்கிறேன், மேலே என்ன அடிக்க வேண்டும் என்று அவரும் நீயும் பேசிக்கொள்ளுங்கள். அவை அவர் கையால் உனக்கு வரட்டும். நான் செய்ததை நான்தான் அவரிடம் சொல்ல வேண்டும், அதை நீ எடுத்துக்கொள்ளாதே. ஆனால் உன் பங்குக்கு ஒன்று இருக்கிறது. நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் அவருக்கு ஒரு போன் செய். என்னைப் பற்றிப் பேசாதே. அவர் சொன்னதை நீ நம்பாமல் போனாயே, அதற்கு மட்டும் மன்னிப்புக் கேள். அத்தை என்று கூப்பிட்டுக் கேள்.

நான் போய்ச் சேரும்போது நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள். ஜன்னல் வழியாக அவர் சிரிப்பது எனக்குக் கேட்கும், நீ என்ன சொல்லிச் சிரிக்கவைத்தாய் என்று தெரியாது. எரியும், தம்பி. போகாது போலிருக்கிறது இது. நான் மணி அடிக்காமல், செருப்பைக் கழற்றாமல், தட்டோடு வாசலில் நிற்பேன். நீ அவசரப்பட்டு போனை வைத்துவிடாதே.

அம்மா